இது கரிசாலை அல்ல

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளானபோது நசினுவில் ஊரடங்கு. பக்கத்தில், ஃபிஜியின் தலைநகர் சுவாவில், துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் போனவர்கள் பிரதமரையும் மற்றவர்களையும் உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே வருவதாக இல்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. ரொட்டிக்கடை காலையில் கொஞ்ச நேரம் திறந்தது. மினிபஸ் ஓட்டுநர்கள் மட்டும் எப்போதும்போலப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

காமாலை யாருக்கும் வரும். அவருக்கு வந்த நேரம்தான் சரியில்லை. ஆக்லாந்தில் இருக்கும் மகள் முந்தைய ஆண்டே அப்பா அம்மாவுக்காக எழுதிப் போட்டிருந்தாள். நியூசிலாந்தில் குடியேற அனுமதி வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. கெடுவுக்குள் அதில் தேறாவிட்டால் எல்லாம் ரத்து, மறுபடியும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அப்போது பாதி ஃபிஜி அந்த வரிசையில் நின்றது. தேறினால் புருஷனும் பெண்சாதியும் போய்விடுவார்கள். அவர்கள் போனால் எங்கள் தெருவில் எனக்குத் தமிழ் பேச ஆள் கிடையாது. ஆக, அந்த மனிதரின் ஈரல் குணமாவதில் எனக்குச் சல்லிக்காசு லாபமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் தாவரவியல் ஆசிரியை. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் போனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி இங்கே வேறொன்றும் சொல்வதற்கில்லை. முதுகலையில் நான் எடுத்துக்கொண்டது சூரியகாந்திக் குடும்பத்துக் களைச்செடிகள். எதற்கும் உதவாத படிப்பு என்றார் அப்பா. பெரும்பாலும் அவர் சொன்னது சரி. அந்தக் குடும்பத்தில் பூ என்று நாம் பறிப்பது பூவே அல்ல. நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவை பொடிப் பூக்கள். ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவையும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. இனங்கள் ஆயிரக்கணக்கில். பாதி மஞ்சள், மீதியில் பாதி வெள்ளை. எட்ட நின்று பார்த்துப் பெயர் சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. தப்பாகச் சொல்லுகிறவர்களைத் திருத்தாமல் விடுவதும் இல்லை. கேந்திப் பூவைச் சாமந்தி என்று சொன்ன மாப்பிள்ளையின் தாய்மாமாவைக் கல்யாண மேடையிலேயே திருத்தியிருக்கிறேன். அந்த வீட்டிலிருந்து அப்புறம் எனக்குப் பத்திரிகை வந்ததில்லை.

பக்கத்து வீட்டு அம்மாளை அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கரும்பு வெட்ட வந்தவர்களின் வழி. லம்பாசாவில் பிறந்து, அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளியில் கொஞ்சம் படித்து, கல்யாணமாகி நசினுவுக்கு வந்தவள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தாள். குடிவந்த முதல் நாள் நான் வேலியோரம் நின்று எதையோ தமிழில் முணுமுணுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, "யாரும்மா அது, நம்ம பாஷையில ஏசறது?" என்று குரல் வந்தது. அப்படித்தான் பழக்கம். அவள் தமிழில் பாதி ஃபிஜி இந்தி, என் தமிழில் பாதி இங்கிலீஷ். ஐயோ, இவள் தமிழ் இப்படிக் கெட்டுப்போய்விட்டதே என்று இருவரும் ஒருவரையொருவர் பரிதாபப்பட்டுக்கொண்டோம். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பேன். அவள் மிதித்துக்கொண்டே பேசுவாள். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கமாட்டேன்.

அவள் வீட்டுக்காரர் சுவாவில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. சாதுவான மனிதர். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. கலகத்துக்கு முன்பு நியூசிலாந்துப் பேச்சை எடுத்தால், குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். நாடாளுமன்றம் பிடிபட்ட கையோடு ஒருநாள் பட்டப்பகலில் இரண்டு இளைஞர்கள் அவர் வீட்டுக்குள் வந்து டெலிவிஷனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல்வரை போனவர்களில் ஒருவன் திரும்பி வந்து ரிமோட்டையும் கேட்டான். தயவுசெய்து என்றும் சொன்னானாம். அவர் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கரும்புக் கத்தியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார்; படுத்தாரே தவிரத் தூங்கவில்லை. குளிரைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. எண்பத்தேழுக் கலகத்தின்போதே அவள் அண்ணன் தம்பிகளெல்லாம் கனடாவுக்குப் போய்விட்டார்கள். யாராவது கேட்டால், "அவுரு போவணும்னு சொல்றாரு" என்பாள். நானும் துருவிக் கேட்கவில்லை. கேட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

காமாலை வந்ததும் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தொற்றினால் வந்தது, தானாகவே அடங்கும், படுத்து ஓய்வெடுக்க வேண்டும், எண்ணெய்ப் பதார்த்தம் கூடாது, கிராக் ஒரு வாய்கூடக் கூடாது என்றார். கிராக் என்பது அங்கே சாயங்காலம் ஆண்கள் சுற்றி உட்கார்ந்து குடிக்கும் வேர்ச் சாறு. பார்க்கக் கழுநீர், குடிக்கவும் கழுநீர். எப்போது அடங்கும் என்று கேட்டதற்கு டாக்டர் தோளைக் குலுக்கினார். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மாதக்கணக்கில். கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் கோயில் குருக்கள் உள்ளே வருகிறார். தென்காசிப் பக்கத்துக்காரர், கலகத்துக்குக் கொஞ்சம் முன்புதான் வந்து இறங்கியவர். நௌசோரி விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும்போதே வண்டியை நிறுத்தச் சொன்னாராம். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் படர்கொடி, மேலே மஞ்சள் பூ. கையெடுத்துக் கும்பிட்டு, மஞ்சள் கரிசாலை இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிறதே, நம்மூரில் இதைக் கட்டுக் கட்டாக விற்கிறானே என்று கண் கலங்கினாராம். கரிசாலை என்றாலும் கரிசலாங்கண்ணி என்றாலும் ஒன்றுதான்; மஞ்சள் கரிசாலை, வெள்ளைக் கரிசாலை இரண்டுமே காமாலைக்கும் கண்ணுக்கும் தலைமுடிக்கும் நல்லது என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கோ பெயர் மட்டும் எங்கோ காதில் விழுந்திருந்தது, செடி தெரியாது. குருக்கள் காட்டினார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கரிசாலைக் கூட்டு பிரசாதமாகவே வந்தது. எல்லோரும் பயபக்தியோடு தின்றார்கள். நான் அந்த நேரம் பார்த்துப் பள்ளி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் எனக்கு இதெல்லாம் தெரியாது.

தெரியவந்தது அக்கா வீட்டில்தான். குருக்கள் ஒரு பை நிறையச் செடியோடு வந்து, அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுங்கள், ஒரு மண்டலத்தில் கண் பால்போல ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பைக்குள் கையை விட்டு ஒரு கொத்தை வெளியே எடுத்தேன். தடித்த இலை, எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு, இரண்டு பக்கமும் தோள் தூக்கினாற்போல மடல், மூன்று மடல். அப்படியே பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

குருக்களை நடையிலேயே பிடித்துக்கொண்டேன். இது கரிசாலை அல்ல, அமெரிக்காவிலிருந்து வந்த அழகுச்செடி, தரையை மூடுவதற்காக யாரோ தோட்டத்தில் வைத்தது ஓடிப்போய் ஊரையே மூடிவிட்டது என்றேன். அவர் சிரித்தார். அவர் ஊர் நர்சரியில் இதைத்தான் மஞ்சள் கரிசாலை என்று தொட்டியில் வைத்துக் கொடுத்தார்களாம். நர்சரிக்காரன் கொடுப்பான், அவனுக்கென்ன. இந்தத் தப்பு நம்மூரிலேயே தெருத் தெருவாக நடக்கிறது. இரண்டும் நெருங்கிய சொந்தம். தலை ஒன்று, நிறம் ஒன்று. ஆனால் நிஜ மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுக்கமாக, நீளமாக இருக்கும், மடல் கிடையாது, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பூவும் இதைவிடச் சின்னது. லென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்துப் பாருங்கள் என்றேன். அவர் லென்ஸை ஒற்றிக்கொள்வதுபோலக் கண்ணில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பூ மஞ்சளா இல்லையா, அதைச் சொல்லுங்கோ" என்றார்.

"ரோடு போடற மிஷினும் மஞ்சள்தான் சாமி. அதை அரைச்சு மோர்ல கலக்க முடியுமா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு முன்பே வந்திருந்தது. பரம்பரையாக வைத்தியம் பார்த்த குடும்பம் தன்னுடையது என்றார். அப்படியானால் குடும்பத்தில் யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அபிஷேகத்துக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அக்காவைக் கையைப் பிடித்து அவள் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். நான் பார்த்தவரை ஃபிஜியில் மஞ்சள் கரிசாலை கிடையாது. வெள்ளைக் கரிசாலை உண்டு, அதுவும் அவள் வீட்டிலேயே. துணி துவைக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் அதே குடும்பத்துச் செடிகள் நாலைந்து கலந்து முளைத்திருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஊதாவும் வெள்ளையுமாகப் பஞ்சுபோலப் பூப்பது ஆட்டு நாற்றம் அடிக்கும், அது இல்லை. நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெள்ளை, விதை ஊசிபோலப் புடவையில் குத்திக்கொள்வது, அதுவும் இல்லை. நீளக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூவாக நிற்கும் வெட்டுக்காயப் பூண்டு, இல்லை. இலைக் கக்கத்திலேயே சின்ன மஞ்சள் பூ ஒட்டிக்கொண்டிருப்பது, இல்லவே இல்லை. தண்டு சொரசொரப்பு, இலை எதிரெதிர், பூ பொத்தான் அளவு வெள்ளை. அதுதான். சந்தேகம் வந்தால் கிள்ளிக் கசக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை கருத்தால் கரிசாலை, கருக்காவிட்டால் வேறு எதுவோ. என் விரலைக் காட்டினேன், கருத்திருந்தது. அக்கா தானும் கிள்ளிப் பார்த்தாள், அவள் விரலும் கருத்தது. இதைக் கொடு அக்கா, அந்தப் பையைத் தூக்கிப் போடு என்றேன். தலையாட்டினாள். வகுப்பில் இப்படித் தலையாட்டுகிறவர்களைக் கேள்வி கேட்பேன். அவளைக் கேட்கவில்லை.

நாட்கள் போயின. நாடாளுமன்றத்தில் பிடித்து வைத்திருந்தவர்களை விட்டார்கள். பள்ளி திறந்தது, வகுப்பில் பாதி நாற்காலி காலி. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒரு ஆசிரியர் கேக் வெட்டினார். சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர். பிரிவுபசாரத்துக்குப் பணம் வசூலிக்கும் பொறுப்பில் இருந்தவரே ஒருநாள் கேக் வெட்டினார். அக்கா வீட்டுக்காரரின் கண் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாம் முறை ரத்தம் எடுத்தார்கள், பெரிய மாற்றம் இல்லை. அவர் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவனாவது வீட்டுப் பக்கம் திரும்பினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் டீ குடிக்கும்போது சமையல்கட்டில் அம்மிமேல் மூன்று மடல் இலை கிடப்பதைப் பார்த்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏன் இன்னும் இதையே அரைக்கிறாய் என்றேன். நீங்க காட்டின செடி காய்ந்துபோச்சு டீச்சர், அப்புறம் முளைக்கவே இல்லை என்றாள். நசினுவில் வருஷம் முழுக்க மழை. அங்கே செருப்பைக் கழற்றி வைத்தால் அதில் பாசி முளைக்கும். வாய்க்கால் ஓரத்துக் கரிசாலை காய்ந்துபோவதாவது! டம்ளரை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனேன்.

ஆட்டு நாற்றம் அடிப்பது இருந்தது. ஊசி விதை இருந்தது. வெட்டுக்காயப் பூண்டு இருந்தது. கக்கத்தில் மஞ்சள் பூ வைத்தது இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. கரிசாலை ஒன்றுகூட இல்லை. இருந்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகள், வேரோடு பிடுங்கியிருந்தது. பெரிய செடிகளை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். இரண்டு இலை விட்ட நாற்றுகளையும் காணோம். அந்த வயதில் கரிசாலையையும் மஞ்சள் பூக்காரனையும் பிரித்துச் சொல்ல நானே லென்ஸைத் தேடுவேன். பக்கத்திலேயே முளைத்திருந்த மற்ற நாற்றுகள் ஒன்றுக்குக்கூடச் சேதமில்லை. ஒவ்வொன்றாகக் கிள்ளி, கசக்கி, கருக்கிறதா என்று பார்த்து, கருத்ததை மட்டும் எடுத்திருக்கிறாள். அந்த வாரமெல்லாம் அவள் விரல் நுனி கருத்திருந்ததை நான் மிஷின் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் பாடம் நடத்தினேன், ஒரு பிள்ளைகூட இவ்வளவு சுத்தமாகச் செய்முறைத் தேர்வு எழுதியதில்லை.

அக்கா பின்னால் வந்து நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். மறைக்க முயலவில்லை.

"அங்க போனா நான் யாரு டீச்சர்? பேரப்புள்ளைக்கு ஆயா. இங்க காலையில இந்த ரோட்டுல போற புள்ளைங்கள்ல பாதி நான் தெச்ச சொக்காய் போட்டுக்கினு போவுது" என்றாள்.

அவர் உடம்பு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தானா சரியாப்பூடும்னு டாக்டர் சொல்லிட்டாரே. ஆவட்டும். கெடு தாண்டி ஆவட்டும்."

எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. வேறு யாருக்காகவும் இல்லாவிட்டாலும் அந்தத் தெருவுக்காக, மிஷினுக்காக, இங்கேயே இருக்க வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். அதில் கொஞ்சம் எனக்காகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வந்து மீதி டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. கெடுவுக்கு இன்னும் கொஞ்ச வாரம்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு சுலபமான காரியம் கேட்டதில்லை.

சில நாள் மூடிக்கொண்டும் இருந்தேன். கோயிலில் குருக்கள் மறுபடி கூட்டு விநியோகித்தபோது வாங்கிச் சாப்பிட்டேன், மூச்சு விடவில்லை. அவர் என்னை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். நான் வராந்தா வழியாக உள்ளே போகும்போது அவள் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மடியில் மோர் டம்ளர், பக்கத்து முக்காலியில் அன்றைக்குப் பறித்த கொத்து. ஆள் பாதியாகியிருந்தார். என்னிடம் எப்போதும் இந்தியிலோ இங்கிலீஷிலோ பேசுகிறவர் அன்றைக்குத் தமிழில் பேசினார். எங்கே தேடிப் பிடித்தாரோ, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தார்; கீரைக்கு மட்டும் ஃபிஜி இந்திச் சொல்தான் வந்தது.

"டீச்சர். நீங்க படிச்ச ஆளு. இது... சரியான பாஜியா?"

உள்ளே மிஷின் நின்றது.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். அந்தக் கொத்து என் கண்ணெதிரே கிடந்தது. மூன்று மடல். வெட்கமில்லாத மினுமினுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே கரிசாலை என்று சொல்ல வேண்டும். அவர் மஞ்சள் கண்ணோ என் முகத்தைவிட்டு அகலவில்லை. கத்தியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் மனிதர், இந்த ஒரு கேள்விக்காகத் தமிழை எங்கிருந்தோ தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார்.

"இல்ல சார். இது அது இல்ல" என்றேன்.

மிஷின் ஓடவில்லை. நான் உள்ளே போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அரைகுறையாக விட முடியுமா? மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் குடையும் பையுமாக கிங்ஸ் ரோட்டுச் சாக்கடை ஓரங்களில் கரிசாலை தேடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை சாக்கடைக்குள் எதையோ கிள்ளிக் கிள்ளி மோந்து பார்ப்பதை மினிபஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே புல் பூண்டு. என்ன இது என்றார். ஈரலுக்கு மருந்து என்றேன். இதையும் பக்கத்தில் இருக்கும் அந்தச் செடியையும் எப்படி அடையாளம் பார்ப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். தண்டு, இலை, பூ, சாறு கருப்பது, எல்லாம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கடைசியில், முதுகுவலிக்கு இது கேட்குமா என்றார். கேட்காது என்றேன். ஏமாற்றத்தோடு பையைத் திருப்பிக் கொடுத்தார்.

கொண்டுபோன செடியை அக்கா வீட்டுக்காரர் முன்னாலேயே உள்ளங்கையில் கசக்கிக் காட்டினேன். கருத்தது. அவர் தன் கையிலும் வைத்துக் கசக்கிப் பார்த்தார், அதுவும் கருத்தது. கோயில் விபூதியைப்போல அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தினமும் தானே அரைத்துக் குடித்தார். அக்கா தடுக்கவில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் வராந்தாவில் செடியை வைத்துவிட்டு வருவேன். டீ நின்றுபோயிற்று.

கண் தெளிந்தது. அடுத்த ரத்தத்தில் எல்லாம் இறங்கியிருந்தது. கரிசாலை இறக்கியதா, ஓய்வு இறக்கியதா, டாக்டர் சொன்னபடி தானாக இறங்கியதா, எனக்குத் தெரியாது. நான் செடிக்குப் பெயர் சொல்லுகிறவள், வைத்தியச்சி இல்லை. குருக்கள் தன் மஞ்சள் கரிசாலைதான் குணப்படுத்தியது என்று கோயிலில் அறிவித்தார். அதன் பிறகு கூட்டுக்குக் கூட்டம் இன்னும் சேர்ந்தது. சாலையோரத்தில் ஒரு பாகம் மொட்டையாகத் தெரிந்தது. அந்தக் கொடிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல, மழை பெய்ததும் மூடிக்கொண்டது. கொஞ்ச காலத்தில் அவருக்கும் ஆஸ்திரேலியாவில் ஒரு கோயில் கிடைத்து, போய்ச் சேர்ந்தார்.

மருத்துவப் பரிசோதனையில் அக்கா வீட்டுக்காரர் தேறினார். கெடுவுக்கு முன்பே. மிஷினை ரக்கிரக்கியிலிருந்து வந்த ஒரு பெண் வாங்கிக்கொண்டு போனாள். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்து சொல்லிக்கொள்ளமாட்டாள் என்றுதான் நினைத்தேன். போகிற அன்று காலையில், டாக்ஸி வந்து நின்ற பிறகு, வேலிப் பக்கம் வந்தாள். புதுச் சேலை, மேலே மகள் அனுப்பின கம்பளிச் சட்டை. அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேர்த்து நின்றாள்.

என்னை எப்போதும் டீச்சர், நீங்க என்று பேசுகிறவள், அன்றைக்கு அப்படிப் பேசவில்லை.

"இத்தினி படிச்சும் ஒரு பொய் சொல்லத் தெரியலயேடி உனக்கு."

நீ போகக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன் என்றேன்.

"தெரியும். அப்புறம் ஏன்டி?"

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அவர் பயந்தவர் என்று சொல்லலாம், தமிழில் கேட்டார் என்று சொல்லலாம், அதெல்லாம் உண்மையும்கூட. வாயில் வந்தது வேறு.

"அது வேற செடிக்கா."

அக்கா என்னையே பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வேலிக்கு மேலாகக் கையை நீட்டி என் கன்னத்தை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு, போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். முன் இருக்கையில் அவள் வீட்டுக்காரர் ஜன்னலை இறக்கினார். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டு கையையும் கூப்பி, இதற்கென்றே தயார் செய்துவைத்திருந்த தமிழில் சொன்னார்:

"எல்லாம் உங்களாலே டீச்சர்."

"ஆமா சார்" என்றேன்.